நாற்பது நிமிட உடுப்பு, மூன்று மைல் சைக்கிள்

ஒரு பழைய லேத் இயந்திரத்தைப் பார்க்கத்தான் நான் அமெரிக்கா போனேன். நியூஜெர்சியில் யாரோ பட்டறையை மூடுகிறார்கள், இயந்திரம் தேறுமா என்று நேரில் பார்த்துச் சொல்லுங்கள் என்று கோயமுத்தூர் வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பி வைத்தார். அந்த வேலை ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிட்டது. லேத் துருப்பிடித்துக் கிடந்தது, அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. மீதி ஏழு நாளும் அங்கேயே பிஸ்கட்டவே என்ற ஊரில் சுந்தரம் வீட்டில் இருந்தேன்.

சுந்தரமும் நானும் கோயமுத்தூரில் ஒன்றாக இன்ஜினியரிங் படித்தவர்கள். அவன் ஊர் உடுமலைப்பேட்டை, என் ஊர் கோபிசெட்டிபாளையம். விடுதியில் ஒரே அறை. ஆளுக்கொரு கறுப்புச் சைக்கிள். சனிக்கிழமை மத்தியானம் கிளம்பினால் ஞாயிறு இரவுதான் விடுதிச் சோறு. பழனி, ஆனைமலை, சத்தியமங்கலம் என்று அந்த நான்கு வருடத்தில் நாங்கள் மிதிக்காத சாலை குறைவு. படிப்பு முடிந்ததும் அவன் இங்கே வந்துவிட்டான். நான் கோயமுத்தூரிலேயே கணபதியில் பட்டறை போட்டேன். பிறகு போன்தான்.

போனில் அவன் சொன்னது, "கை கொஞ்சம் ஆடுதுடா, பார்க்கின்சன்ங்கறாங்க, மாத்திரை குடுத்திருக்காங்க" என்பது மட்டும். அதைச் சொல்லி நான்கு வருடம் ஆகிறது.

விமான நிலையத்துக்கு அவன் மனைவி மாலதி தனியாக வந்திருந்தாள். சென்னைப் பெண். இங்கே ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. வழியெல்லாம் என் வீட்டாரை விசாரித்தாள், அவனைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. வீட்டு வாசலில் கதவைத் திறந்துகொண்டு சுந்தரம் நின்றான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, ஆனால் கால் நகரவில்லை. நிலைப்படிக்கு அந்தப் பக்கம் இரண்டு பாதமும் ஒட்டிப்போனதுபோல் நின்றன. "ஒரு நிமிஷம் இருடா, கால் யோசிக்குது" என்றான். மாலதி என் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தன் காலை அவன் காலுக்குக் குறுக்கே நீட்டினாள். அதைத் தாண்டுகிற மாதிரி அவன் காலைத் தூக்கி வைத்து வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டான். அவன் வலது கை என் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தது. அது அவனாகத் தட்டியதல்ல என்று எனக்குப் புரியச் சிறிது நேரமானது.

மறுநாள் அந்த வீட்டின் கடிகாரம் எனக்குப் பிடிபட்டது. மணி பார்த்து மாத்திரை. விழுங்கி முக்கால் மணி நேரம் கழித்து உடம்பு அவன் சொன்ன பேச்சைக் கேட்கும். இரண்டு மணி நேரம் அப்படிப் போகும், பிறகு மறுபடி இறுகிவிடும். மாத்திரைக்கும் பருப்புக்கும் ஆகாது என்பதால் பகலில் பருப்பு கிடையாது. எங்கள் ஊர் அரிசிம்பருப்புச் சோற்றை மாலதி ராத்திரிக்குத்தான் ஆக்குவாள். சென்னைக்காரி ஆக்கியது என்று யாரும் சொல்ல முடியாது. பூண்டு கணக்காக இருந்தது, மேலே நல்லெண்ணெயும் ஊற்றினாள்.

பேஸ்மென்டில் அவனுக்கென்று நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் ஒன்று வாங்கிப் போட்டிருந்தார்கள். தினமும் முப்பது நிமிடம். "மிதிக்கிறேன், மிதிக்கிறேன், எதிர்ல செவுரு அப்படியே நிக்குதுடா" என்றான். நடக்கத்தான் தனக்கு வராது, நிஜமான சைக்கிளில் ஏற்றிவிட்டால் பழைய சுந்தரம்தான் என்றான். நான் நம்பவில்லை. மாலதியே உண்மைதான் என்றாள். நடையில் கால் ஒட்டிக்கொள்கிறவர்களில் சிலருக்குச் சைக்கிள் மட்டும் வருமாம். டாக்டருக்கும் அது தெரியுமாம்.

"ஆனா அக்டோபர்ல என்ன ஆச்சு, அதையும் சொல்லுங்க" என்று அவனைப் பார்த்தாள்.

அவன் சொல்லாததால் அவளே சொன்னாள். அவள் ஆபீஸில் இருந்தபோது தனியாகச் சைக்கிளை எடுத்திருக்கிறான். ஏறும்போதே விழுந்து காறையெலும்பு முறிந்திருக்கிறது. வீட்டு முன் டிரைவ்வேயில் கிடந்தவனைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க இருபது நிமிடம் ஆகியிருக்கிறது. அன்று சாயங்காலமே மாலதி சைக்கிளின் முன் சக்கரத்தைக் கழற்றித் தன் கார் டிக்கியில் போட்டுக்கொண்டுவிட்டாள். நான்கு மாதமாக அது அவளோடு ஆபீஸுக்குப் போய் வருகிறது. "இந்தக் குளிர்ல என்னால ரிஸ்க் எடுக்க முடியாதுண்ணா. சம்மர் வரட்டும், பாக்கலாம்."

அவள் போன பிறகு சுந்தரம் தாழ்ந்த குரலில் சொன்னான். "சம்மருக்கு நான் எப்படி இருப்பேன்னு யாருக்கு தெரியும்? நீ இருக்கறப்பவே ஒரு சுத்து போயிறலாம்டா."

நான் இதில் தலையிட்டிருக்கக் கூடாது. ஆனால் மறுநாள் சைக்கிள் கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

கடை இரண்டு மைல். பஸ்ஸில் போகலாம் என்று நிறுத்தத்தில் நின்றேன். பஸ் வந்தது, எதிர்ப்பக்கத்தில் நின்று ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. நம் ஊர்ப் பழக்கத்தில் சாலையின் தவறான பக்கத்தில் நின்றிருக்கிறேன். சரி, நடப்போம் என்று நடந்தேன். நடைபாதை கொஞ்ச தூரம் வந்து திடீரென்று முடிந்துபோனது. அதற்கு மேல் புல்தரையில் உறைந்து கிடந்த பனி. பட்டறை ஷூவோடு அதில் சறுக்கிச் சறுக்கி நான் போய்ச் சேர்ந்தபோது காது இருக்கிற இடமே தெரியவில்லை.

கடையில் நரைத்த பின்னலோடு ஒரு பெண்மணி. பனிக்காலம் முழுக்கச் சைக்கிளில்தான் வேலைக்கு வருவாராம். என் நண்பனுக்கு உடம்பு சரியில்லை, கை ஆடும், குளிரில் ஓட்ட ஆசைப்படுகிறான் என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. ஒரு காகிதத்தை எடுத்து மனித உருவம் ஒன்றை வரைந்து, ஒவ்வொரு இடமாகச் சொல்லிக்கொண்டு போனார். அவர் ஆங்கிலத்தில் சொன்னது ஏறக்குறைய இப்படி: "தோலை ஒட்டி மெல்லிய கம்பளிச் சட்டை. அதன்மேல் லேசான ஸ்வெட்டர். அதற்கும் மேலே காற்றைத் தடுக்கிற ஜாக்கெட். தடிமனாக ஒன்றைப் போடுவதைவிட மெல்லியதாக மூன்று போட வேண்டும். காலுறை ஒன்று போதும், இரண்டு போட்டு ஷூவை இறுக்கினால் விரல் விறைத்துப் போகும். பருத்தி மட்டும் வேண்டாம். எங்கேயும் வேண்டாம். வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே உட்கார்ந்திருக்கும்."

கோயமுத்தூர்க்காரனிடம் பருத்தி ஆகாது என்று சொன்ன முதல் ஆள் இவர்தான். என் பெட்டியில் சுந்தரத்துக்கென்று வாங்கிய அரை டஜன் திருப்பூர் பனியன் இருந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று சொன்னார். கதவுக்கு வெளியே வந்து நின்றதும் குளிர வேண்டும். அங்கேயே இதமாக இருந்தால் உள்ளே போய் ஒன்றைக் கழற்றிவிட்டு வர வேண்டும். மிதிக்க மிதிக்க உடம்பு தானே சூடாகும்.

கையுறைக்கு ஐந்து விரல் வேண்டாம் என்று, இரண்டிரண்டு விரலாகச் சேர்த்து நுழைக்கிற வகை ஒன்றைக் காட்டினார். கட்டை விரலில் மட்டும் துவாலைத் துணி தைத்திருந்தது. அது எதற்கென்று கேட்டேன். மூக்கு ஒழுகினால் துடைக்க என்றார். எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு கம்பளி உள்சட்டையும் ஒரு ஜோடி கையுறையும் வாங்கிக்கொண்டேன். திரும்பும்போது சரியான பக்கத்தில் நின்று பஸ் பிடித்தேன்.

நான்காம் நாள் பனி கொட்டியது. மாலதி வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள், மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மீட்டிங். நாங்கள் கீழே ஹாலில் ஒத்திகை பார்த்தோம். சுந்தரத்தின் பழைய சைக்கிள் உடுப்பெல்லாம் அலமாரியில் இருந்தது. ஆனால் போட்டுக்கொள்வது அவன் கையால் ஆகிற காரியமில்லை. ஜிப்பின் முனையை அவன் விரல் தேடித் தேடித் தவறவிடும். நான் போட்டுவிட ஆரம்பித்தேன்.

இன்னொருவருக்கு உடை போட்டுவிடுவது எனக்குத் தெரியாத வேலை. என் பிள்ளைகளுக்குக்கூட என் மனைவிதான் செய்தாள். இடது கையை முதலில் நுழைத்தேன், பிறகு ஆடுகிற வலது கை சட்டைக்குள் எங்கேயோ மாட்டிக்கொண்டது. கழற்றிவிட்டு ஆடுகிற கையை முதலில் விட்டேன், சுலபமாகப் போனது. கையுறையை மாட்டிய பிறகு ஹெல்மெட் பட்டை நினைவுக்கு வந்தது. மறுபடி கழற்றினேன். ஜிப்பில் ஒரு சாவி வளையத்தைக் கோர்த்தேன், அந்தப் பெரிய கையுறையோடேயே அவனால் இழுக்க முடிந்தது. அதற்காவது பட்டறைக்காரன் பயன்பட்டேன். முழுதாக முடிக்க நாற்பது நிமிடம் ஆனது.

கையுறையோடு இரண்டு கையையும் தூக்கிப் பார்த்துவிட்டு, "நண்டு மாதிரி இருக்கேன்டா" என்றான். பிறகு, "குன்னூர் ஞாபகம் இருக்கா?" என்றான்.

எப்படி மறக்கும். மூன்றாம் வருடம், மார்கழி மாதம். மேட்டுப்பாளையத்திலிருந்து பாதி மிதித்து, பாதி தள்ளி ஊட்டி வரை ஏறினோம். ஸ்வெட்டர் என்ற ஒன்று தேவைப்படும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. விடுதிக் காவலாளியின் காக்கிக் கோட்டு ஒன்றுதான் கையில் இருந்தது, மைலுக்கு ஒருவர் என்று மாற்றிப் போட்டுக்கொண்டோம். மறுநாள் விடியலில் இறங்கும்போது காற்று நெஞ்சைக் கிழித்தது. குன்னூரில் ஒரு டீக்கடைக்காரர் எங்கள் பல் அடித்துக்கொள்வதைப் பார்த்து, பழைய தினத்தாள்களை எடுத்துச் சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்துச் சொருகிவிட்டார். அடுத்த வளைவிலிருந்து குளிரவே இல்லை. மேட்டுப்பாளையத்தில் காகிதத்தை உருவியபோது சுந்தரத்தின் நெஞ்சில் அச்சு மை இறங்கியிருந்தது. ஒரு திருமண விளம்பரம், கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி. மணமகள் தேவை என்பதை நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அன்றைக்கு அங்கே பஸ் நிலையத்தில் நாங்கள் சிரித்த சிரிப்பில் போலீஸ்காரர் ஒருவர் வந்து விசாரித்தார்.

அதைச் சொல்லித்தான் ஹாலில் இருவரும் சிரித்தோம். அவனுக்குச் சிரிப்பில் முகம் முழுக்க அசைந்தது. இந்த நோயில் முகம் இறுகிப்போகும், வந்த நாள் முதல் அவன் முகத்தில் அப்படி ஓர் அசைவை நான் பார்க்கவில்லை.

தலையைத் திருப்பினால் மாலதி மாடிப்படியின் பாதியில் நின்றிருந்தாள். எப்போது இறங்கி வந்தாளோ. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். கார் டிக்கி சாத்தும் சத்தம் கேட்டது. முன் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து, கம்பளத்தில் படாமல் காகிதம் விரித்துச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

"ஒரே ரவுண்டு. பார்க்ல மட்டும். நான் கார்ல வருவேன்" என்றாள்.

ஐந்தாம் நாள் வெயில் அடித்தது. ஆனால் இருபத்தைந்து டிகிரி, அவர்கள் கணக்கில். நம் கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழே நான்கு. பத்து மணி மாத்திரைக்குப் பிறகு உடுத்தத் தொடங்கினேன். அப்போது இரண்டு தவறு நடந்தது. சுந்தரம் திருப்பூர் பனியனை விடமாட்டேன் என்றான். நம்ம ஊர்ச் சரக்கு, அதைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டுவேன் என்றான். எனக்கும் சந்தோஷமாக இருந்தது, கம்பளி உள்சட்டைக்குப் பதில் அதைப் போட்டுவிட்டேன். அடுத்து மாலதி தடித்த ஸ்வெட்டர் ஒன்றைக் கொண்டு வந்து, இதையும் போடுங்கள் என்றாள். அவள் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல எனக்கு வரவில்லை. வாசலில் நின்று குளிருகிறதா என்று கேட்டேன். "ஜம்முனு இருக்குது" என்றான். அப்போதே ஒன்றைக் கழற்றியிருக்க வேண்டும்.

பூங்கா ஆற்றங்கரையில். தார் போட்ட சமதளப் பாதை, பனியை வழித்து ஓரத்தில் ஒதுக்கியிருந்தார்கள். முழுச் சுற்று மூன்று மைல். மாலதி காரை நிறுத்தி, பிளாஸ்கில் டீயோடு உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அவர்கள் மகளின் பழைய சைக்கிள். மகள் இப்போது டெக்சாஸில் வேலையில் இருக்கிறாள். சுந்தரத்தின் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்தேன். அவன் காலைப் போட்டு உட்கார்ந்தான். தள்ளி விடு என்றான். விட்டேன்.

போனான். இரண்டு மிதியில் நேரானான், நான்காவது மிதியில் என்னை விட்டுப் போய்விட்டான். எனக்கு அந்த முதுகு தெரியும். நான்கு வருடம் அதன் பின்னாலேயே மிதித்திருக்கிறேன். வலது தோளைக் கொஞ்சம் இறக்கி, தலையை முன்னால் நீட்டி, எப்போதும் என்னைவிட இருபது கஜம் முன்னால். வீட்டில் நிலைப்படியைத் தாண்ட முடியாதவன் இவன்தான் என்று அங்கே யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். என் மூச்சில் கண்ணாடி பனித்துக்கொண்டது, மூக்கு ஒழுகியது, கட்டை விரல் துவாலைக்கு வேலை வந்தது. "சுந்தரா, மெல்ல போடா" என்று கத்தினேன். அவன் கையை மட்டும் ஆட்டினான். ஒரு வளைவில் மரங்களுக்குப் பின்னால் மறைந்தான்.

வளைவைத் தாண்டியதும் ஆளைக் காணோம். மனதில் அக்டோபர் மாதம் வந்தது. எவ்வளவு வேகமாக மிதித்தேன் என்று தெரியவில்லை, கடைசியில் ஆற்றோரம் நின்றிருந்தான். நாற்பது ஐம்பது வாத்துகள் பாதையை அடைத்துக்கொண்டு நிற்க, இவன் பிரேக் பிடித்துக் காலை ஊன்றியிருக்கிறான். வாத்துகள் போய்விட்டன. ஊன்றிய கால் எழும்பவில்லை. சைக்கிளுக்கு இரு பக்கமும் காலை வைத்தபடி சிலையாக நின்றான். எத்தனை நேரமோ. உதடு வெளுத்திருந்தது, உடம்பு முழுக்க நடுங்கியது. இது நோயின் ஆட்டம் அல்ல, வேறு நடுக்கம்.

கழுத்துக்குள் கையை விட்டுப் பார்த்தேன். பனியன் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். அத்தனை உடுப்பில் வெந்து வியர்த்து, நின்ற இடத்தில் ஆற்றுக் காற்று பட்டு அது அப்படியே ஐஸ் ஆகிக்கொண்டிருந்தது.

மாலதியை அழைக்கலாம் என்றேன். "வேண்டாம்டா. இப்ப கூப்பிட்டா இதுதான் கடைசி" என்றான்.

என் ஜாக்கெட்டைக் கழற்றினேன், ஸ்வெட்டரைக் கழற்றினேன், உள்ளே இருந்த கம்பளிச் சட்டையையும் கழற்றினேன். பிறகு அவனுடையதை. ஐம்பத்தெட்டு வயது ஆண்கள் இருவர் உறைபனியில் வெற்று மார்போடு நின்றோம். நாயோடு ஓடி வந்த ஒரு பெண் நின்று, உதவி ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். சட்டை மாற்றிக்கொள்கிறோம், நன்றி என்று சுந்தரம் பல் கிட்டிக்க மரியாதையாகப் பதில் சொன்னான். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

ஆடுகிற கையை முதலில். பிறகு தலை, அடுத்த கை. என் சட்டையின் சூடு இன்னும் போகவில்லை. மேலே லேசான ஸ்வெட்டர், ஜாக்கெட். தடித்த ஸ்வெட்டரை என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். ஈரப் பனியனைச் சுருட்டிப் பையில் போட்டேன். எனக்குத் தோல்மேல் நேராக ஸ்வெட்டரும் ஜாக்கெட்டும்தான். பத்து நிமிடத்தில் அவன் உதட்டில் நிறம் திரும்பியது. பிறகு என் ஷூவை அவன் ஊன்றிய காலுக்கு முன்னால் வைத்தேன். அவன் அதைக் குனிந்து பார்த்தான். தாண்டினான். கால் மிதியில் உட்கார்ந்தது.

"தள்ளி விடு" என்றான்.

இந்த முறை எனக்குப் பக்கத்திலேயே வந்தான்.

மாலதி காரைவிட்டு இறங்கிப் பாதை நடுவில் நின்றிருந்தாள். நாங்கள் இருபத்தைந்து நிமிடம் தாமதம். என் இடுப்பில் இருந்த ஸ்வெட்டரைப் பார்த்தாள், அவன் கழுத்தில் எட்டிப் பார்த்த என் சட்டையைப் பார்த்தாள். எல்லாம் புரிந்திருக்கும். டீயை ஊற்றிக் கொடுத்தாள். வீட்டுக்குக் கிளம்பினோம். போனதும் நான் சுடுதண்ணீரில் குளிக்க ஓடிவிட்டேன்.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. காய்ச்சல் எனக்குத்தான் வந்தது. ஆறாம் நாளும் ஏழாம் நாளும் அவர்கள் விருந்தினர் அறையில் போர்த்திக்கொண்டு கிடந்தேன். மாலதி மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள், மாத்திரை கொடுத்தாள், ஆனால் பேச்சு குறைவு. சுந்தரம் கட்டிலருகே வந்து உட்கார்ந்து, விடுதிக் கதை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினான். என்னால் முழுதாக ரசிக்க முடியவில்லை. அவள் நான்கு மாதம் காத்துவந்ததை நான் ஒரு காலையில் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் அவள்தான் என்னை விமான நிலையத்தில் விட வந்தாள். வாசலில் சுந்தரம் என்னை இறுக்கிப் பிடித்து, "அடுத்த தடவ சத்தியமங்கலம்டா" என்றான். சரி என்றேன். காரில் பாதி தூரம் வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். பனியன் விஷயத்தைச் சொன்னேன். அவள் சாலையைப் பார்த்தபடியே ஓட்டினாள்.

"அன்னைக்கு நீங்க குளிக்கப் போயிட்டீங்க. நான்தான் அவருக்கு எல்லாம் கழட்டினேன்" என்றாள். "க்ளவுஸ கழட்டினா கை ஆடவே இல்லண்ணா. சும்மா இருந்துது. நான் அப்படியே புடிச்சிக்கிட்டேன். நாலு வருஷமா அந்தக் கை சும்மா இருந்து நான் பாத்ததில்ல. எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு."

முன்னால் போன லாரியைத் தாண்டினாள்.

"பத்து நிமிஷம் இருக்கும். என்ன பண்றன்னு கேட்டார். விரல் சில்லுனு இருக்கு, சூடு பண்றேன்னேன். அப்புறம் மெதுவா ஆரம்பிச்சிடுச்சு. அது வரைக்கும் விடல."

புறப்பாட்டு வாசலில் காரை நிறுத்திப் பெட்டியை இறக்கினோம். அவள் மறுபடி உள்ளே உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள். போக்குவரத்துக் காவலர் வண்டியை எடுக்கச் சொல்லிக் கை காட்டினார். மாலதி அவரிடம் ஒரு நிமிடம் என்று சைகை செய்துவிட்டு, என் பக்கக் கண்ணாடியை இறக்கினாள்.

"வெதர்ல சாட்டர்டே தர்ட்டி ஃபோர் டிகிரின்னு போட்டிருக்கான். கம்பளிச் சட்டை, அது மேல லேசா ஒண்ணு, ஜாக்கெட். போதும்ல?"

போதும் என்றேன்.